பூட்டிய குளத்தில் ஈரக் கயிறு

“திருடன்னா எதையாவது எடுத்துட்டுப் போகணும். இவன் வந்து குளிச்சிட்டுப் போறான். இதெல்லாம் ஒரு கேஸா அண்ணி?”

“நீ பேசாம ரோட்டைப் பார்த்து ஓட்டு. அது போதும்.”

பின்சீட்டில் இருந்த என் அண்ணி இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். திருட்டுப் போன வீடுகளுக்குப் போய், உடைந்த பூட்டையும் கலைந்த பீரோவையும் பார்த்துவிட்டு, இது நிஜத் திருட்டா, வீட்டுக்காரரே நடத்திய திருட்டா என்று சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு தையல் கடையின் மாடியில் அறை பிடித்து, துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சமையல் என் அண்ணன் கையில். செல்போன் ரிப்பேர் கடை வைத்து, கடையையே ரிப்பேர் ஆக்கிக்கொண்ட நான் உதவியாளர். வண்டி ஓட்டுவது, ஏணி பிடிப்பது, திட்டு வாங்குவது என் பொறுப்பு.

அன்று மதியம் இரண்டரை மணிக்கு ஒரு பெண்மணி மாடிப்படி ஏறி வந்தார். வலது கையில் பழைய இஸ்திரிச் சூட்டுத் தழும்பு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“எம் புருஷன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல ராத்திரி வாட்ச்மேன். நான் அதே கேட் ஓரத்துல துணி துவைச்சுத் தேய்ச்சுத் தரேன். ரெண்டு வாரமா ராத்திரியில யாரோ நீச்சல் குளத்துல இறங்குறாங்க. எம் புருஷன்தான் ஆளுங்களை உள்ள விடுறாருன்னு சொல்றாங்க. இன்னிக்கு ஆறு மணிக்கு மீட்டிங். வேலையும் போயிடும், பார்க்கிங் பின்னாடி குடுத்திருக்கிற ரூமும் போயிடும். ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?” என்று கேட்டார் அண்ணி.

“அதான் எரிச்சலா வருது. வாயைத் திறக்க மாட்டேங்கறார். நான் விடலைங்கறார், அவ்வளவுதான். அவரு ஆத்தோரம் வளர்ந்த மனுஷன் மேடம். வெள்ளத்துலயே இக்கரையில விழுந்து அக்கரையில எழுந்திருப்பார். அவருக்கு இந்தத் தொட்டித் தண்ணி மேல என்ன ஆசை வரப்போகுது?”

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

*

குடியிருப்பு எட்டு மாடி. முன்பக்கம் பெரிய கேட், பின்பக்கம் நீச்சல் குளம். நடுவில் கட்டடமே மறைப்பதால், முன் கேட்டில் நிற்பவருக்குக் குளத்தில் யானை இறங்கினாலும் தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால்.

சங்கத்தின் செயலாளர் கையில் ஒரு ஃபைலோடு வரவேற்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். தலைமுடி மட்டும் இருபத்தைந்தில் நின்றுவிட்டது, அவ்வளவு கறுப்பு. எங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அண்ணி தன் பழைய கம்பெனியின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து நின்றார். குளத்தைச் சுற்றிக் காட்டுவதில் அவருக்கு அளவில்லாத பெருமை.

“பாதுகாப்புல நாங்க ஒரு குறையும் வைக்கல மேடம். என் தோள் உயரத்துக்கு வேலி. இந்த கேட்டுல ஸ்பிரிங் இருக்கு, விட்டா தானா மூடிக்கும். நம்பர் பூட்டு. கேட் அரை நிமிஷத்துக்கு மேல திறந்திருந்தா அலாரம் கத்தும். எப்படிக் கத்தும்னா...”

கேட்டைப் பிடித்துக்கொண்டே பேசியதில் அரை நிமிஷம் ஆகிவிட்டது. அலாரம் கத்தியது. மாடியில் இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்த்தன. செயலாளர் கேட்டை விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“கேமரா?” என்றார் அண்ணி.

“வாங்கியாச்சு. எந்தச் சுவர்ல மாட்டறதுன்னு நாலு மீட்டிங்கா பேசிக்கிட்டிருக்கோம்.”

“பெட்டிக்குள்ள இருந்தே நல்லாப் படம் பிடிக்குமே சார்,” என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

செயலாளர் தன் செல்போனை நீட்டினார். பூட்டு எப்போதெல்லாம் திறந்தது என்ற விவரம் அதில் இருந்தது. இரவு எட்டரைக்குக் குளம் மூடப்படுகிறது. அதன் பிறகு விடியற்காலை நாலு நாற்பதுக்கு மறுபடி திறக்கிறது. இரண்டு வாரத்தில் ஒன்பது நாள், எல்லாம் ஏறக்குறைய அதே நேரம்.

“பூட்டு உடையல. சரியான நம்பரைப் போட்டுத்தான் திறந்திருக்காங்க. அந்த நம்பர் நாலே பேருக்குத்தான் தெரியும். நான், வாட்ச்மேன், சுத்தம் பண்றவர், லைஃப்கார்டு.”

“என்ன நம்பர் சார்?” என்று அண்ணி சும்மா கேட்டார்.

செயலாளர் நாலு இலக்கத்தையும் ஒப்பித்தார்.

“இப்ப ஆறு பேரு,” என்றேன். இந்த முறை அண்ணி மிதிக்கவில்லை.

“வாட்ச்மேன் மேல மட்டும் ஏன் சந்தேகம்?”

“எல்லாம் எழுதி வச்சிருக்கேன் மேடம்,” என்று செயலாளர் ஃபைலைத் திறந்தார். “சுத்தம் பண்றவர் ஊரோட அந்தக் கோடியில இருக்கார், முதல் பஸ்ஸைப் பிடிச்சாலே இங்க ஆறு மணி. லைஃப்கார்டு இங்கேயே தங்கற பையன்தான், ஆனா சர்டிபிகேட் வாங்கினவன். பகல் பூரா குளத்துலயே கிடக்கறவன் விடியக்காலைல எழுந்து வந்து ஏன் திருட்டுத்தனமா நீந்தணும்? மிச்சம் யாரு? வாட்ச்மேன். அதுவும் இல்லாம அந்த ஆளு நடவடிக்கையே சரியில்ல. ராத்திரி முழிச்சவன் பகல்ல தூங்கணுமா இல்லையா? தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தைங்க குளிக்கற நேரத்துக்கு இங்க வந்து நிக்கறான். ஒரு நாள் அந்த நீளக் கழியை எடுத்துத் தண்ணிக்குள்ள விட்டு விளையாடியிருக்கான். அதுக்கு நான் எழுத்து மூலமாவே எச்சரிக்கை குடுத்தேன். அங்க பாருங்க, இப்பவும் நிக்கறான்.”

குளத்தின் ஆழமான கோடியில், சுவரில் மாட்டியிருந்த நீளக் கழிக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தார். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, கண் இரண்டும் மிளகாய் மாதிரி சிவப்பு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். தொப்பியையும் கழற்றித் தரையில் மல்லாக்க வைத்து, அதற்குள் செல்போனையும் சாவியையும் போட்டிருந்தார். அண்ணி அருகே போய் இரண்டு கேள்வி கேட்டார்.

“ராத்திரி யாரையாவது உள்ள விட்டீங்களா?”

“இல்லைங்க மேடம்.”

“யாரு வர்றாங்கன்னு தெரியுமா?”

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கண் குளத்திலேயே இருந்தது. அண்ணி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

“கொட்டாவியை அடக்கறதுக்கே அவருக்குத் தெம்பு போதல அண்ணி. இதுல எங்க பதில் சொல்வார்,” என்றேன்.

நாலு மணி ஆயிற்று. குழந்தைகள் துண்டும் கண்ணாடியுமாக ஓடி வந்தன. லைஃப்கார்டு இளைஞன் விசிலை ஊதி, வரிசையில் நிற்க வைத்து, பதினொரு பேர் என்று எண்ணி, கால் கழுவ வைத்து உள்ளே அனுப்பினான். பளிச்சென்ற சிவப்புச் சட்டை. உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். செயலாளரின் பேத்தி, ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லாதவள், போகிற போக்கில் வாட்ச்மேனுக்குக் கையாட்டிவிட்டுத் தண்ணீரில் குதித்தாள்.

*

சுத்தம் செய்பவருக்கு அந்தக் குடியிருப்பில் குளோரின் என்று பெயர். அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். பம்பு அறையில் வைத்து அவர் அண்ணியிடம் கொட்டித் தீர்த்தார்.

“மேடம், எனக்கு ஆச்சரியம் என்னன்னா, வர்றவன் என்னைவிட ஒழுங்கானவனா இருக்கான். இந்த மிதவை வளையம் இருக்கில்ல? யாராவது மூழ்கினா தூக்கிப் போடறது. அதோட கயிறை ராத்திரி நான் எப்படியோ சுருட்டி மாட்டிட்டு ஓடுவேன், பஸ் போயிடும்னு. காலைல வந்து பார்த்தா ஒவ்வொரு சுத்தும் ஒரே அளவா, முனை வெளிய தெரியற மாதிரி அழகா சுத்தித் தொங்குது. வளையமும் ஈரம், கயிறும் ஈரம்.”

“வேற?”

“குளத்தோரத்து மரத்துலேருந்து ராத்திரி மஞ்சளாப் பூந்தூள் உதிரும். விளிம்பு பூரா படிஞ்சிருக்கும். அவன் வந்துட்டுப் போன நாள்ல, ஆழமில்லாத பக்கம் மட்டும் கோடு போட்ட மாதிரி கை பட்டு அழிஞ்சிருக்கும். இதோ, போட்டோ கூட வச்சிருக்கேன்.”

போட்டோவில் மஞ்சள் விளிம்பு நெடுக, ஒரு முழத்துக்கு ஒரு தடவை, இரண்டு கைத்தடம் இருந்தது. அண்ணி அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அண்ணி சிரித்தால் எனக்கு வேலை வரும். அடுத்து ஏணி பிடிக்கச் சொல்வார்.

“தம்பி, ஆசைக்கு நீந்தறவன் எங்க இறங்குவான்?”

“ஆழத்துல. தொபீர்னு.”

“இவன் இடுப்பளவு தண்ணியில, விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, அடி அடியா நகர்ந்திருக்கான். பக்கத்துல மிதவை வளையம் வேற. அப்ப?”

“பயந்தாங்கொள்ளி.”

“நீந்தத் தெரியாதவன். கத்துக்க வந்திருக்கான்.”

பின்னாலேயே வந்திருந்த செயலாளர், “அப்ப வாட்ச்மேன் இல்லைங்கறீங்களா?” என்றார்.

“அவருக்கு நீச்சல் நல்லாத் தெரியும். அவர் ஏன் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும்?”

“அப்ப நீச்சல் தெரியாத யாரையோ அவர் உள்ள விட்டிருக்கார்!”

எனக்குள் மின்னல் வெட்டியது. இந்த மாதிரி நேரத்தில் நான் அடக்கிக்கொண்டதே இல்லை. “சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. அதுக்கென்ன?”

“பூட்டு நம்பர் தெரியும். நீச்சல் தெரியாது. மீட்டிங்ல நாலு பேர் முன்னாடி குளத்தைப் பத்திப் பெருமையாப் பேசறவர், இறங்கத் தெரியாதுன்னு சொல்ல வெட்கப்பட்டு, விடியக்காலைல யாருக்கும் தெரியாம...”

செயலாளரின் முகம் சுருங்கியது. ஃபைலை என் மேல் எறிவாரோ என்று ஓர் அடி பின்வாங்கினேன்.

“அவர் இல்ல தம்பி,” என்றார் அண்ணி அலுப்போடு. “அவர் தலையைப் பாரு. போன வாரம் அடிச்ச மை. ஒன்பது நாள் குளோரின் தண்ணியில இருந்த தலைன்னா இந்நேரம் செம்பட்டையாப் போயிருக்கும். குளோரின் சாயத்தை எல்லாம்...”

பாதியில் நிறுத்திவிட்டார். எதிரே நின்ற குளோரினின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜா நிறத்தில், தோளில் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்த சட்டை.

“இது என்ன கலர்ல குடுத்தாங்க?”

“சிவப்பு மேடம். அஞ்சு மாசத்துல இந்தக் கதி. தண்ணிலயே வேலை பார்த்தா வேற என்ன ஆகும்.”

அண்ணி பம்பு அறையை விட்டு வெளியே போனார். நான் செயலாளரிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்து, நேரமில்லை என்று முடிவு செய்து பின்னாலேயே ஓடினேன்.

*

வாட்ச்மேன் மனைவியின் இஸ்திரி மேசை முன் கேட்டுக்கு இடப்பக்கம். ஒரு பக்கம் துவைத்த துணி, இன்னொரு பக்கம் தேய்த்து அடுக்கிய துணி, ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதிய சீட்டு.

“குளத்துல வேலை பார்க்கறவங்க துணி உங்ககிட்டதான் வருதா?” என்றார் அண்ணி.

“எல்லாம் என் கையாலதான். ஏன் மேடம்?”

“லைஃப்கார்டோட சட்டை இருந்தா எடுங்க.”

அவர் ஒன்றை உருவிக் கொடுத்தார். சிவப்பு என்றால் அதுதான் சிவப்பு. அன்றைக்குக் காலை கடையில் வாங்கியது போல இருந்தது.

“இதைக் குடுத்து எவ்வளவு நாளாச்சு?”

“குளோரின் அண்ணனுக்குக் குடுத்த அன்னிக்குத்தான் இதுவும். அஞ்சு மாசம் இருக்கும். ஒரே பண்டல்ல வந்துது, நான்தான் பிரிச்சேன்.”

அண்ணி சட்டையை விரித்து என் முன்னால் பிடித்தார். “குளத்துக்கிட்ட மாட்டியிருக்கிற விதிப் பலகையை நீ படிக்கல. நான் படிச்சேன். லைஃப்கார்டு தினமும் அரை மணி நேரம் பயிற்சி நீச்சல் செய்யணும், சீருடை போட்டுக்கிட்டேதான் செய்யணும்னு எழுதியிருக்கு.”

“சட்டையைக் கழட்டி வச்சிட்டு நீந்துவானோ?”

“அரைக்கால் சட்டையையுமா?” என்று என்னை மடக்கிவிட்டு, “அம்மா, அந்தப் பையன் துணி எப்பவாவது குளத்துத் தண்ணியில நனைஞ்சு வந்திருக்கா?” என்றார்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் யோசித்தார். “நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது மேடம். வேர்வை நாத்தம்தான் வரும். ஆனா ரெண்டு வாரமா ஒரே ஒரு கறுப்பு அரைக்கால் சட்டை மட்டும் காலைல ஏழு மணிக்கே சொட்டச் சொட்ட ஈரமா வருது. மூக்கைத் துளைக்கிற குளோரின் வாசனை. குளிச்சேன்க்கா, அப்படியே போட்டுட்டேன்னான். நான் ஒண்ணும் நினைக்கல.”

எனக்கு விஷயம் புரிந்துவிட்ட குஷியில், “கயிறைப் புஸ்தகத்துல இருக்கற மாதிரி சுத்தி வச்சதும் அவன்தானா! பழக்கதோஷம்! அண்ணி, வளையத்தை வச்சுக்கிட்டு லைஃப்கார்டே நீச்சல் பழகறான்! இதைவிடக் கூத்து...” என்று சிரிக்க ஆரம்பித்தேன்.

அண்ணி சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

“தம்பி, மணி என்ன?”

“அஞ்சு அஞ்சு.”

“இப்ப குளத்துல பதினோரு குழந்தைங்க இருக்கு.”

ஆறு வருஷமாக அண்ணியோடு வேலை செய்கிறேன். தீப்பிடித்த கிடங்கில்கூட நடந்துதான் வந்தார். அன்று முதல் முறையாக அவர் ஓடியதைப் பார்த்தேன்.

*

ஓடியவர் குளத்து கேட்டுக்குள் நுழைந்ததும் நடையை மாற்றிக்கொண்டார். குழந்தைகள் பயந்துவிடக் கூடாது. உயர நாற்காலிக்குக் கீழே போய் நின்று, பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவது போலப் பேசினார்.

“விசில் அடிச்சு எல்லாரையும் மேல ஏறச் சொல்லுங்க தம்பி.”

“ஏன் மேடம்? இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே.”

“உங்களுக்கு நீச்சல் தெரியாது.”

மேலே இருந்தவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மறுப்பான் என்று நினைத்தேன். அவன் விசிலை எடுத்து நீளமாக ஊதினான். குழந்தைகள் முனகிக்கொண்டே ஏறின. அவன் இறங்கி வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினான். பதினொன்று வந்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினான். பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

செயலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அண்ணி நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். அவர் முதலில் நம்பவில்லை.

“சர்டிபிகேட் இருக்கு மேடம்! நானே பார்த்துதான் சேர்த்தேன்!”

“தெரிஞ்சவர் ஒருத்தர் வாங்கிக் குடுத்தது சார்,” என்றான் இளைஞன், தலையைத் தூக்காமல். “புஸ்தகம் பூரா மனப்பாடம். கயிறு சுத்தறது, மூச்சு குடுக்கறது, எல்லாம் தெரியும். தண்ணியில மட்டும் இறங்கினதில்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இறங்கிக் காட்டுன்னு யாராவது சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடியிருப்பேன். நீங்க லேமினேஷன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டீங்க.”

செயலாளர் தன் பேத்தியைப் பார்த்தார். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்து எல்லோரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டும் வேலியும் அலாரமும் ராத்திரிக்கு. பகலில் அஞ்சு மாசம் அந்தக் குழந்தை யாரை நம்பிக் குதித்தது என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது.

“கத்துக்கிட்டுதான் மேடம் இருந்தேன். இன்னும் ரெண்டு நாள்ல பதினஞ்சு நாள் முடியும். அதுக்குள்ள...” என்றான் இளைஞன்.

“நீ கத்துக்கற வரைக்கும் குழந்தைங்க மூழ்காமக் காத்திருக்கணுமா?” அண்ணியின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. உடனே சட்டென்று தணிந்தது. “இரு. பதினஞ்சு நாள்னு உனக்குக் கெடு வச்சது யாரு?”

அவன் கண் போன திசையில் நாங்கள் எல்லோரும் திரும்பினோம். ஆழமான கோடியில், வாட்ச்மேன் அப்போதுதான் குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மெதுவாக அவரிடம் நடந்தார்.

“வந்ததுமே கேட்டிருக்கணும், விட்டுட்டேன். வேலையில்லாம வேடிக்கை பார்க்கறவன் கையில செல்போன் இருக்கும். செல்போனையும் சாவியையும் கழட்டி வச்சிட்டு, செருப்பில்லாம நிக்கறவன் எந்த நிமிஷமும் குதிக்கத் தயாரா நிக்கறான். நீங்க இங்க தினமும் காவல் நின்னீங்க. இல்லையா?”

வாட்ச்மேன் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

“தாத்தா, நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்று செயலாளரின் பேத்தி குறுக்கே புகுந்தாள். “எனக்குக் கால் எட்டாமப் போச்சு. மூக்குல எல்லாம் தண்ணி. விசில் மாமா விசில் விசிலா ஊதினாரு. வாட்ச்மேன் மாமாதான் ஓடி வந்து கம்பு குடுத்தாரு. நான் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.”

செயலாளரின் ஃபைலில் எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் படித்துக் காட்டத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

“அன்னிக்குத்தான் மேடம் எனக்கே தெரிஞ்சுது,” என்றார் வாட்ச்மேன். “தண்ணி கேன் எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்தேன். பையன் மரம் மாதிரி நிக்கறான். அப்புறம் அழுதான். பதினஞ்சு நாள் தரேன், நீந்தக் கத்துக்கோ, இல்லன்னா நீயே வேலையை விட்டுப் போயிடு, அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். வளையத்தை விடாதன்னு சொன்னதும் நான்தான்.”

கேட் பக்கமிருந்து அலாரம் கத்தியது. அவர் மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை.

அண்ணிக்குக் கோபம் அடங்கவில்லை. “உங்க வாக்கு பெருசா, பதினோரு உயிரு பெருசா? நீங்க ராத்திரி பூரா கண்ணு முழிச்ச மனுஷன். ஒரே ஒரு சாயங்காலம் அசதியில கண்ணசந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“அதான் மேடம்,” என்றார் அவர். “பதிமூணு நாளும் நான் உட்காரவே இல்ல.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவர் மனைவி வந்து, எல்லோர் முன்னாலும் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். “என்கிட்ட சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் நின்னிருப்பேனே! எனக்கும்தானே நீச்சல் தெரியும்!” என்று சொல்லிவிட்டு, அடித்த இடத்தையே தடவிக் கொடுத்தார்.

இளைஞன் சிவப்புச் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியின் கீழ்ப்படியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனான். யாரும் தடுக்கவில்லை.

ஆறு மணி மீட்டிங் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. அந்த உயர நாற்காலியில் ஏறுகிறவர் முதலில் சங்கத்தின் கண் முன்னால் குளத்தின் ஆழத்தில் குதித்துக் காட்ட வேண்டும், அதுவரை குளம் பகலிலும் பூட்டியிருக்கும், பூட்டின் நம்பரை அன்றே மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. செயலாளர் எழுந்து நின்று வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டார். பதில் வராததால் கோபமோ என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடைசி வரிசையில், மனைவியின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு அவர் தூங்கிப்போயிருந்தார்.

“எழுப்பாதீங்க,” என்றார் செயலாளர் தணிந்த குரலில்.

அன்று ராத்திரி முன் கேட்டில் விசிலும் டார்ச்சுமாகக் காவலுக்கு உட்கார்ந்தவர் செயலாளர்தான்.